கெந்திங் மலைக்குப் போனால் எங்கே சாப்பிடுவது, எதைக் குடிப்பது: கோலாலம்பூர் (கேஎல்) வாசிகளுக்கு முழுமையான வழிகாட்டி

கெந்திங் போய் வந்தவர்களிடம் எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். குளிர் அருமை, கேபிள் கார் அருமை, பிள்ளைகளுக்குத் தீம் பார்க் ரொம்பப் பிடித்துவிட்டது என்பார்கள். சாப்பாடு என்றதும் பேச்சு மாறும். ஒரு தட்டு சோறு இவ்வளவா, வரிசையில் அவ்வளவு நேரமா, அம்மாவுக்குச் சைவம் கிடைக்காமல் பிஸ்கட் சாப்பிட்டே சமாளித்தார்கள் என்று ஆளுக்கொரு புலம்பல். காலையில் வெறும் வயிற்றோடு ஏறி, மூன்று வேளையையும் மேலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று போகிறவர்களுக்கு இதுதான் நடக்கும்.

என் கணக்கு எளிது. மலை உச்சியில் ஒரே ஒரு வேளைக்கு மட்டும் தாராளமாகக் காசு செலவழியுங்கள். மற்ற வேளைகளை அடிவாரத்திலும் பாதி மலையிலும் முடித்துக்கொள்ளுங்கள். அப்புறம், கேசினோவுக்குள் போகிறவர் யாராக இருந்தாலும் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். இந்த வழிகாட்டி முழுக்க இதைச் சுற்றித்தான்.

படி 1: நாளைப் பார்த்துக் கிளம்புங்கள்

மலேசியாவில் சட்டப்படி நடக்கும் ஒரே கேசினோ கெந்திங்தான். தொழிலதிபர் லிம் கோ தோங் 1965-இல் இதற்கான நிறுவனத்தைத் தொடங்கி, காட்டை வெட்டிச் சாலை போட்டு, 1971-இல் முதல் ஹோட்டலைத் திறந்தார். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம்; கோலாலம்பூரிலிருந்து சாலை நன்றாக இருந்தால் ஒரு மணி நேரம். இவ்வளவு பக்கத்தில் இவ்வளவு குளிர் வேறெங்கும் இல்லை என்பதால் பள்ளி விடுமுறை, சீனப் புத்தாண்டு, நீண்ட வார இறுதி என்றால் நாடே அங்கே ஏறி நிற்கும். ஃபர்ஸ்ட் வேர்ல்ட் ஹோட்டலில் மட்டும் 7,351 அறைகள். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மதியச் சாப்பாட்டுக்கு இறங்கினால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். செவ்வாய், புதன் கிழமைகள் உத்தமம்.

நம் வீடுகளுக்கென்று இன்னொரு கணக்கும் உண்டு. வெள்ளிக்கிழமை சைவம் என்றிருப்பவர்கள், புரட்டாசி விரதம் இருப்பவர்கள், தைப்பூசத்துக்கு முன் நோன்பில் இருப்பவர்கள் குழுவில் இருந்தால், முடிந்தவரை நாளை மாற்றுங்கள். மேலே சைவமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் தேட வேண்டும், விசாரிக்க வேண்டும், சில நேரம் சமரசம் செய்துகொள்ள வேண்டும். விரதக்காரரைக் கூட்டிப் போய்ப் பட்டினி போட்டுவிட்டு, நாம் நண்டு உடைத்துக்கொண்டிருப்பது நன்றாக இருக்காது.

படி 2: சாப்பாட்டுக் காசைத் தனியாக எடுத்து வையுங்கள்

ஒரு கவர் எடுத்து, சாப்பாட்டுக்கான தொகையை அதில் போட்டு, கேசினோவுக்குள் போகாத ஒருவர் கையில் கொடுத்துவிடுங்கள். பாட்டி இருந்தால் பாட்டியிடம் கொடுங்கள். அவரிடமிருந்து திரும்ப வாங்குவது அவ்வளவு சுலபமில்லை, அதுதான் நமக்கு வேண்டியது. 'ஜெயித்தால் இரவு நண்டு, தோற்றால் மெகி' என்று விளையாட்டாகச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் மெகியில்தான் போய் முடிகிறார்கள்.

எவ்வளவு போடுவது? மெனுவில் விலைக்குப் பக்கத்தில் '++' என்று இரண்டு கூட்டல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். 10 விழுக்காடு சேவைக் கட்டணம், 6 விழுக்காடு சேவை வரி என்று அர்த்தம். 2024 மார்ச்சில் சேவை வரி பொதுவாக 8 விழுக்காட்டுக்கு ஏறியபோதும், சாப்பாட்டுக்கும் பானங்களுக்கும் 6-லேயே விட்டுவைத்தார்கள். ஆக, மெனுவில் 50 ரிங்கிட் என்றால் பில்லில் 58. நான்கு பேர் தலைக்கு 50 ரிங்கிட்டுக்குச் சாப்பிட்டால் 200 இல்லை, 232. ஃபுட் கோர்ட்டில் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை; ஹோட்டல் உணவகங்களில் கட்டாயம் இருக்கும். சேவைக் கட்டணம் பில்லிலேயே வந்துவிடுவதால் தனியாக டிப்ஸ் வைக்க வேண்டிய அவசியமில்லை.

கெந்திங் ரிவார்ட்ஸ் உறுப்பினர் அட்டை இருந்தால் எடுத்துப் போங்கள். சேர்ந்திருக்கும் புள்ளிகளைப் பல உணவகங்களில் கழித்துக்கொள்ளலாம். புள்ளி சேர்ப்பதற்காகவே விளையாடுவது என்று யாராவது கிளம்பினால் அட்டையைப் பாட்டியின் கவரிலேயே போட்டுவிடுங்கள்.

படி 3: ஏறுவதற்கு முன் பசியாறுங்கள்

இதைத்தான் எல்லோரும் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். காலை ஏழு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, 'மேலே போய்ப் பசியாறிக்கலாம்' என்று பத்து மணிக்குப் போய்ச் சேர்ந்து, காப்பிக்கும் ஒரு துண்டு கேக்குக்கும் கொடுக்கிற காசில் கீழே நான்கு பேர் வயிறார முடித்திருக்கலாம்.

கேஎல் சென்ட்ரலில் பஸ் எடுப்பவர்களுக்குக் கேள்வியே இல்லை. பிரிக்ஃபீல்ட்ஸ் நடந்து போகிற தூரம். இட்லி, தோசை, பொங்கல், நல்ல கெட்டிச் சட்னி, கூடவே ஒரு தே தாரிக் (ஆற்றிய பால் டீ). பஸ் நேரத்துக்கு முக்கால் மணி முன்னால் போனால் போதும். பஸ் டிக்கெட்டை மட்டும் முதலில் வாங்கிவிட்டுச் சாப்பிடப் போங்கள்; வார இறுதியில் இருக்கை சீக்கிரம் போய்விடும்.

காரில் போகிறவர்கள் செந்தூலிலோ பத்துமலை அடிவாரத்திலோ நிறுத்தலாம். பத்துமலை கெந்திங் போகும் வழியோடு ஒத்துப்போகிறது. கோயிலைச் சுற்றியுள்ள சைவ உணவகங்களில் காலையிலேயே தோசைக்கல் சூடாக இருக்கும். வெளியூர் உறவினர்களைக் கூட்டிப் போகிறீர்கள் என்றால் முருகனைக் கும்பிட்டு, 272 படி ஏறி இறங்கி, பசியாறிவிட்டு மலைக்குப் போவது ஒரே வீச்சில் முடிந்துவிடும்.

வளைவுச் சாலையில் வாந்தி வருகிறவர்கள் வீட்டுக்கு ஒருவராவது இருப்பார்கள். அவர்களுக்கு நெய் ரொட்டியும் ஆட்டுக் குழம்பும் வேண்டாம். இட்லி இரண்டு, சர்க்கரை குறைவாகத் தே ஓ (பால் இல்லாத டீ) போதும். பால் போட்ட தே தாரிக் வளைவில் வேலை காட்டும். கையில் கொஞ்சம் இஞ்சி மிட்டாயோ புளிப்பு மிட்டாயோ வைத்துக்கொள்ளுங்கள்.

மதியத்துக்கும் இங்கேயே கொஞ்சம் கட்டிக்கொண்டு போவது நம் பழக்கம். புளியோதரை, எலுமிச்சைச் சாதம், அவித்த முட்டை எதுவானாலும் சரி. ஃபுட் கோர்ட்டில் உட்கார்ந்து வெளிச் சாப்பாட்டைப் பிரிக்க விட மாட்டார்கள். அறையிலோ, காரை நிறுத்தும் ஏதாவது ஓர் இடத்திலோ சாப்பிட்டுக்கொள்ளலாம்.

படி 4: வழியில் எங்கே நிறுத்துவது, எங்கே நிறுத்தக் கூடாது

காராக் நெடுஞ்சாலையில் கெந்திங் செம்பா ஓய்விடம் வரும். கழிவறைக்கும் காப்பிக்கும் நல்ல இடம், சாப்பாட்டுக்காக நிறுத்த வேண்டியதில்லை. பஸ்ஸில் வருகிறவர்கள் அவானா நிலையத்தில் இறங்கிக் கேபிள் கார் பிடிப்பார்கள். பக்கத்திலேயே பிரீமியம் அவுட்லெட்ஸ். அங்கும் சாப்பாட்டுக் கடைகள் உண்டு. வரிசை நீளமாக இருந்தால் பிள்ளைகளுக்கு அங்கே ஏதாவது வாங்கிக் கொடுத்துவிட்டு ஏறுங்கள். நடுவில் சின் சுவீ குகைக் கோயில் நிலையத்தில் இறங்கிப் பார்த்துவிட்டு மறுபடி ஏறலாம்.

கேபிள் கார் இரவு முழுக்க ஓடாது, பராமரிப்புக்காக நிறுத்தும் நாட்களும் உண்டு. கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். இரவுச் சாப்பாட்டை எங்கே வைப்பது என்பதை அந்த நேரம்தான் முடிவு செய்யும்.

படி 5: மேலே அந்த ஒரு நல்ல வேளை

மேலே சாப்பாட்டை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளலாம்.

முதலாவது ஃபுட் கோர்ட். ஃபர்ஸ்ட் வேர்ல்ட் பக்கத்தில் மெடான் செலேரா என்ற ஹலால் வளாகம். நாசி பிரியாணி, மீ கோரேங், சூப் வகைகள் என்று மலாய், மாமாக் (தமிழ் முஸ்லிம் கடை) ருசி. மலேசியன் ஃபுட் ஸ்ட்ரீட்டில் பினாங்கு, ஈப்போ, கேஎல் தெருக்கடைப் பதார்த்தங்களை ஒரே கூரைக்குக் கீழ் வைத்திருக்கிறார்கள். பினாங்குக்காரர்கள் இதைப் பார்த்து மூக்கைச் சுளிப்பார்கள், அதைக் கண்டுகொள்ள வேண்டாம். பசிக்கு நன்றாகவே இருக்கும். கேஎல் விலையைவிட அதிகம்தான், ஆனால் அங்கே இருப்பதில் இதுதான் சிக்கனம். பன்னிரண்டரையிலிருந்து இரண்டு மணி வரை இந்தப் பக்கமே தலை வைக்காதீர்கள். பதினொன்றரைக்கோ இரண்டேகாலுக்கோ போனால் மேசை கிடைக்கும்.

இரண்டாவது, ஊரெல்லாம் பார்க்கிற சங்கிலிக் கடைகள். ஸ்டார்பக்ஸ், பர்கர் கடை, கோழி வறுவல் கடை. பிள்ளைகள் அடம்பிடித்தால் தவிர இதற்கு மலை ஏற வேண்டியதில்லை. ஒன்றுக்கு மட்டும் விதிவிலக்கு: மூடுபனி கண்ணாடியில் வந்து முட்டும் நேரத்தில் ஜன்னலோர மேசை கிடைத்தால் காப்பிக்குக் கூடக் கொடுத்தாலும் தகும்.

மூன்றாவதுதான் நாம் காசு எடுத்து வைத்த வேளை. இதை இரவுச் சாப்பாடாக வைத்துக்கொள்ளுங்கள். மதியத்தில் எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் போயிருப்பார்கள். ஒன்றாக உட்கார முடிகிற நேரம் இரவு ஏழு மணிதான். வழி இரண்டு உண்டு.

குழுவில் பெரியவர், சிறியவர், சைவர், அசைவர் என்று கலவையாக இருந்தால் பஃபே. கெந்திங் கிராண்டில் உள்ள காஃபி டெரஸ் இதற்கு வெகுநாளாகப் பெயர்பெற்ற இடம். சீனம், மலாய், இந்தியம், மேற்கத்தியம் என்று தனித்தனி மேசைகள் போட்டிருப்பார்கள், பாட்டிக்குப் பருப்பும் கிடைக்கும், பேரனுக்கு ஐஸ்கிரீமும் கிடைக்கும். பஃபேயில் நம் ஆட்கள் செய்யும் வேலை ஒன்று உண்டு: முதல் தட்டையே சோற்றில் ஆரம்பிப்பது. சோறு வீட்டில் இருக்கிறது. முதல் சுற்றில் தட்டை வெறுமையாக வைத்துக்கொண்டு எல்லா மேசையையும் ஒரு முறை நடந்து பாருங்கள். அப்புறம் கடல் உணவு, சுட்ட இறைச்சி, சூப். கடைசியில் இடம் இருந்தால் ஒரு கரண்டி பிரியாணி. குழந்தைகளுக்கும் மூத்த குடிமக்களுக்கும் தனிக் கட்டணம் இருக்கிறதா என்று காசு கட்டும் முன் கேளுங்கள். அடையாள அட்டை தயாராக இருக்கட்டும்.

இளவட்டங்கள் மட்டும், அல்லது கல்யாண நாள் என்று இருவர் மட்டும் என்றால் ஸ்கை அவென்யூ வணிக வளாகத்தில் ஓர் உணவகத்தைப் பிடித்து உட்காருங்கள். பர்கர் அண்ட் லாப்ஸ்டர் போன்ற பெயர்கள் அங்கே உண்டு. வெண்ணெய் சொட்டச் சொட்ட வரும் லாப்ஸ்டர் ரோல் ஒன்றை இருவர் பகிர்ந்துகொண்டால் பில்லும் தாங்கும், வயிறும் தாங்கும். வார இறுதி என்றால் முன்பதிவு செய்யாமல் போகாதீர்கள். கடைகள் மாறுவதும் இடம் பெயர்வதும் அங்கே சகஜம் என்பதால், கிளம்பும் வாரத்தில் ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது.

படி 6: சைவம், மாடு, பன்றி — ஒவ்வொருவருக்கும் ஒரு சிக்கல்

ஒரு குடும்பத்தில் ஒருவர் சைவம், ஒருவர் மாடு சாப்பிடாதவர், மருமகள் பன்றி தொட மாட்டார், கூட வரும் நண்பர் முஸ்லிம். மலேசியாவில் இது சாதாரண மேசைதான். மேலே எப்படிச் சமாளிப்பது என்று பார்ப்போம்.

மாடு சாப்பிடாதவர்கள் ஹலால் கடையில் கவனமாக இருக்க வேண்டும். ஹலால் என்றால் பன்றி இருக்காது, மாடு தாராளமாக இருக்கும். மீ சூப், மீ ஜாவா, சில குழம்புகள் எல்லாம் மாட்டு எலும்புச் சாற்றில் ஆரம்பிக்கும். 'தக் மாவ் டாகிங்' (இறைச்சி வேண்டாம்) என்று சொன்னால் இறைச்சித் துண்டை எடுத்துவிடுவார்கள், சாறு அப்படியே இருக்கும். சாற்றைப் பற்றித் தனியாகக் கேளுங்கள். சூப்பைவிட வறுத்த வகைகள் பாதுகாப்பு.

பன்றி வேண்டாம் என்பவர்கள் 'போர்க் ஃப்ரீ' என்ற பலகையைப் பார்த்துப் போகலாம். அதை ஹலால் என்று எடுத்துக்கொண்டு முஸ்லிம் நண்பரைக் கூட்டிப் போகாதீர்கள். மது விற்கும் இடமாகவும் இருக்கலாம், இறைச்சி ஹலால் முறையில் அறுத்ததாக இல்லாமலும் இருக்கலாம். ஹலால் முத்திரை கல்லாவுக்குப் பக்கத்திலோ நுழைவாயிலிலோ ஒட்டியிருக்கும். சீனக் கடைச் சார் குவே தியாவில் (வறுத்த தட்டை அரிசி நூடல்ஸ்) பன்றிக் கொழுப்பு சேர்ப்பது பழைய முறை, அதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது.

சைவர்களுக்குத்தான் பொறி அதிகம். 'சயோர்' (காய்கறி) என்று கேட்டு வாங்கும் கீரையில் இறால் கிடக்கும். கங்கோங் பெலாச்சானில் பெலாச்சான் என்பதே இறால் விழுது. நாசி லெமாக்கில் முட்டையையும் நெத்திலியையும் ஒதுக்கிவிட்டுச் சாப்பிடலாம் என்று நினைத்தால், சம்பலுக்குள்ளேயே நெத்திலி கரைந்திருக்கும். மாமாக் கடையில் ரொட்டி சானாய்க்குப் பருப்பு கேட்டால் பருப்பின் மேல் மீன் குழம்பு ஒரு கரண்டி பழக்கதோஷத்தில் விழும். 'பருப்பு மட்டும், வேறு குழம்பு வேண்டாம்' என்று ஊற்றுவதற்கு முன் சொல்ல வேண்டும். ஊற்றிய பிறகு சொல்லிப் பயனில்லை.

சீனச் சைவக் கடைகள் நமக்கு நல்ல நண்பர்கள். பௌத்த முறைப்படி சமைப்பவர்கள் வெங்காயம், பூண்டுகூடச் சேர்க்க மாட்டார்கள். சோயாவில் செய்த 'மீன்', 'வாத்து' எல்லாம் பார்க்க அசல் மாதிரியே இருக்கும். பாட்டியை முதலிலேயே எச்சரித்துவிடுங்கள்.

படி 7: கேசினோவுக்குள் போகும் முன்

21 வயது ஆகியிருக்க வேண்டும், முஸ்லிம்களுக்கு அனுமதி இல்லை, அடையாள அட்டையோ கடப்பிதழோ காட்ட வேண்டும். சிலிப்பரும் கையில்லாத பனியனும் போட்டுக்கொண்டு போனால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். ஆகவே குடும்பம் இரண்டாகப் பிரிவது நிச்சயம்: உள்ளே போகிறவர்கள், வெளியே பிள்ளைகளோடு சுற்றுகிறவர்கள்.

உள்ளே ஜன்னல் கிடையாது, சுவரில் கடிகாரத்தைத் தேடினாலும் கிடைக்காது, வெளிச்சம் காலையும் இரவும் ஒன்றே. பசி மட்டும்தான் நேரம் சொல்லும், அதையும் காப்பியும் ஏர்கண்டும் சேர்ந்து அமுக்கிவிடும். மாமா ஒருவர் 'இதோ அரை மணியில் வருகிறேன்' என்று உள்ளே போய், பிள்ளைகள் தூங்கிய பிறகு வந்து நிற்கும் கதை எல்லாக் குடும்பத்திலும் இருக்கிறது. அதனால் இப்படிச் செய்யுங்கள். உள்ளே போகிறவர் முதலில் சோறு, முட்டை, கோழி என்று நின்று தாங்கும் சாப்பாடாகச் சாப்பிட வேண்டும். ஸ்கை அவென்யூ நடுக்கூடத்தில் விளக்குக் காட்சி நடக்கும் இடத்தைச் சந்திக்கும் இடமாக வையுங்கள், இரவு 6.45 என்று நேரம் குறியுங்கள், உணவக முன்பதிவு 7 மணிக்கு இருக்கட்டும். 'சாப்பிடலாம் வா' என்று போன் செய்தால் 'இன்னும் ஒரு ஆட்டம்' என்பார். 'மேசையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்களாம்' என்றால் எழுந்து வந்துவிடுவார்.

லாஸ் வேகாஸில் விளையாடுகிறவர் மேசைக்கே மது இலவசமாக வரும் என்று கேள்விப்பட்டவர்கள் இங்கேயும் அதை எதிர்பார்த்துப் போக வேண்டாம். போனாலும் குடித்துக்கொண்டே விளையாடாதீர்கள். கை தாராளமாகிவிடும்.

படி 8: குடி விஷயம்

டைகரும் கின்னஸும் பெட்டாலிங் ஜெயாவின் சுங்கைவேயில் தயாராகின்றன, கார்ல்ஸ்பெர்க் ஷா ஆலாமில். மலைக்கு ஒரு மணி நேரத் தொலைவில் ஊற்றி அடைக்கிற பீர்தான். ஆனாலும் மேலே விலையைக் கேட்டால் தலை சுற்றும். கலால் வரி ஒரு பக்கம், இடத்தின் விலை இன்னொரு பக்கம், அதற்கு மேல் அந்த இரண்டு கூட்டல் குறிகள். கெந்திங் வரியில்லாத் தீவும் இல்லை. லங்காவியில் வாங்கியது போல் வாங்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சிக்கனமாக வேண்டும் என்றால் கேஎல்லிலேயே வாங்கிப் போய் அறையில் அளவாக வைத்துக்கொள்ளுங்கள். உணவகத்துக்கு உங்கள் பாட்டிலைக் கொண்டுபோனால் கார்க்கேஜ் என்று ஒரு கட்டணம் போடுவார்கள், சில இடங்களில் அனுமதியே இல்லை. மேசையில் வைப்பதற்கு முன் கேளுங்கள். வெளியே போய்க் குடிக்க வேண்டும் என்றால் ஸ்கை அவென்யூவில் சிங்கப்பூரின் ஸூக் குழுவினர் நடத்தும் ரெட்டெய்ல் பார் இருக்கிறது. விளையாட்டுகளோடு உட்கார்ந்து பேசுகிற இடம். அதே குழுவின் இரவு விடுதி பாட்டு, ஆட்டம் என்று இளவட்டங்களுக்கானது. பேசிக்கொண்டே குடிக்க நினைக்கும் நம் நாற்பது வயதுக்காரர்கள் அங்கே போனால் காதுதான் வலிக்கும். பார்களில் மாலை நேரச் சலுகை இருந்தால் அப்போதே போய், சாப்பாட்டுக்கு முன் முடித்துக்கொள்ளுங்கள்.

2017 டிசம்பரிலிருந்து மது வாங்கும் வயது 18 இல்லை, 21. கல்லூரிப் பிள்ளைகளோடு போகிறவர்கள் இதை நினைவில் வையுங்கள். புகைபிடிப்பவர்களுக்கு: 2019 முதல் உணவகங்களில் புகைக்கத் தடை, திறந்தவெளி மேசையும் அதில் அடங்கும்.

குளிரில் தாகம் தெரியாது. ஒரு கிளாஸ் பீருக்கு ஒரு கிளாஸ் தண்ணீர் என்று மாற்றி மாற்றிக் குடித்தால் மறுநாள் தலைவலி குறையும். ஸ்டவுட்டோடு வறுத்த நெத்திலி, கச்சான் என்று உப்பாகக் கொறிப்பவர்களுக்கு இது இன்னும் அவசியம்.

ஓட்டுகிறவர் குடிக்கவே கூடாது. 2020 அக்டோபரில் சட்டத்தைத் திருத்தி, 100 மில்லிலிட்டர் ரத்தத்தில் 80 மில்லிகிராம் என்றிருந்த வரம்பை 50 ஆகக் குறைத்துவிட்டார்கள். தண்டனையும் கடுமையானது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும்; 2013 ஆகஸ்டில் சின் சுவீ அருகே பஸ் பள்ளத்தில் விழுந்து 37 பேர் இறந்த சாலை அது. இரவில் மேலேயிருந்து வாடகைக் கார் கிடைக்கும் என்று நம்பிக் குடிக்காதீர்கள். குடிக்கப் போகிறீர்கள் என்றால் அறை எடுங்கள், அறை இல்லை என்றால் தே ஓவோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 9: கோ தோங் ஜெயாவில் ஸ்டீம்போட்

ஸ்டீம்போட் என்றால் மேசையிலேயே கொதிக்கும் சாற்றில் நாமே வேகவைத்துச் சாப்பிடுவது. இதை மலையின் சிறந்த சாப்பாடு என்பேன், உச்சியில் இல்லாவிட்டாலும். பாதி மலையில், நிறுவனர் பெயரிலேயே உள்ள சிறு ஊர் இது. கார் உள்ளவர்கள் முதல் நாள் இரவோ இறங்கும் நாள் மதியமோ இங்கே நிறுத்தலாம். மேலே ஒரு ஆள் கொடுக்கும் பஃபே காசில் இங்கே இரண்டு பேர் நிறைவாகச் சாப்பிடலாம்.

உட்கார்ந்ததும் என்ன சாறு என்று கேட்பார்கள். நடுவில் தடுப்பு வைத்த சட்டியைக் கேளுங்கள்: ஒரு பக்கம் தெளிந்த சாறு, மறு பக்கம் காரமும் புளிப்புமான தோம்யாம். தெளிந்த சாறு பெரும்பாலும் கோழியிலோ பன்றி எலும்பிலோ கொதித்தது. எதில் என்று கேட்டுக்கொள்ளுங்கள். உருண்டைகளில் மீன், சோத்தோங் (கணவாய்), பன்றி எல்லாம் ஒரே தட்டில் கலந்து வரும், வேண்டாததை அடுப்பங்கரையிலேயே எடுத்துவிடச் சொல்லுங்கள்.

போடும் வரிசையில்தான் ருசி. முதலில் மக்காச்சோளம், வெள்ளை முள்ளங்கி, காளான், பீன்கர்ட் தோல். இவை சாற்றுக்கு இனிப்பு கொடுக்கும். மூடியைத் திறக்கும்போது ஆவி கண்ணாடி போட்டவர் முகத்தை மறைக்கும் அளவுக்குக் கொதித்த பிறகு உருண்டைகள். அவை மேலே மிதந்து வந்தால் வெந்துவிட்டன. அப்புறம் இறால், நிறம் மாறியதும் எடுத்துவிட வேண்டும், விட்டால் ரப்பர். மெல்லிய இறைச்சித் துண்டைச் சாப்ஸ்டிக்கில் பிடித்தபடியே முக்கி எடுங்கள். பச்சை இறைச்சியைத் தொட்ட சாப்ஸ்டிக்கால் சாப்பிடாதீர்கள். அதற்கென்று ஒரு ஜோடி தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். கீரை கடைசிக்கு முன், மெல்லிய மீகூன் கடைசியில். எல்லாம் இறங்கிய அந்தச் சாற்றில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, கிண்ணத்தில் எடுத்துக் குடித்தால் உச்சிக் குளிர் எல்லாம் உடம்பை விட்டுப் போய்விடும்.

சைவர் ஒருவர் இருந்தால் தனிச் சட்டி கேளுங்கள். தடுப்பின் மறு பக்கம் சைவம் என்று சமாளிப்பது பொய். கொதிக்கும்போது ஒன்றுக்குள் ஒன்று தெறிக்கும்.

படி 10: நடுச்சாமப் பசி

கப் நூடல்ஸ், மூணு-இன்-ஒன் காப்பி, பிஸ்கட், வாழைப்பழம் இவற்றைக் கீழேயிருந்தே எடுத்துப் போங்கள். அந்த உயரத்தில் தண்ணீர் 94 டிகிரி அளவிலேயே கொதித்துவிடும். நூடல்ஸைச் சொன்ன நேரத்தைவிட ஒன்றிரண்டு நிமிடம் கூடுதலாக மூடி வைத்தால்தான் நடுப்பகுதி மெதுவாகும். டீத்தூள் பையையும் கொஞ்சம் அதிகம் ஊற விடுங்கள். ஃபர்ஸ்ட் வேர்ல்டில் அறை எடுத்திருந்தால் காலைச் சாப்பாடு கட்டணத்தில் சேருமா என்று பதிவிலேயே பாருங்கள். மலிவு அறைகளில் பெரும்பாலும் சேராது.

படி 11: இறங்கும்போது

தாழ்ந்த கியரில், பிரேக்கை விட்டு விட்டு மிதித்து இறங்குங்கள். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு உடனே வளைவில் இறங்க வேண்டாம்; அறையைக் காலி செய்யும் முன் லேசாக ஏதாவது, பெரிய சாப்பாடு கீழே.

நேரம் இருந்தால் கேஎல் பக்கம் திரும்பாமல் காராக் நெடுஞ்சாலையில் பெந்தோங் போங்கள், சுமார் அரை மணி நேரம். பெந்தோங் இஞ்சி நாடறிந்தது. விலை கூடுதல், காரமும் கூடுதல். ஒரு கிலோ வாங்கினால் இஞ்சித் துவையல், இஞ்சித் தேநீர் எல்லாம் வேறு ருசியில் வரும். ஊரின் பழைய காப்பிக் கடைகளில் வீட்டு முறை ஐஸ்கிரீம் கிடைக்கும்.

டுரியான் பருவம் என்றால், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, சாலையோரமே கடை போட்டிருப்பார்கள். மூசாங் கிங் ரக டுரியானுக்குப் பெயர்போன ரவூப் ஊர் இங்கிருந்து பக்கம்தான். எடை போடும் முன் விலை கிலோவுக்கா பழத்துக்கா என்று கேளுங்கள், உங்கள் கண் முன்னே வெட்டச் சொல்லுங்கள், ஒரு சுளை ருசித்துவிட்டு மீதியை வாங்குங்கள். முந்தைய இரவு குடித்தவர்கள் அன்று டுரியானைத் தள்ளி வைப்பது நல்லது. ஜப்பானின் சுக்குபா பல்கலைக்கழகத்தினர் 2009-இல் ஆய்வுக்கூடத்தில் சோதித்தபோது, டுரியானின் கந்தகச் சேர்மங்கள் மதுவை உடைக்கும் நொதியைத் தடுப்பதைக் கண்டார்கள். பெரியவர்கள் சொன்னதில் விஷயம் இல்லாமல் இல்லை. ஹோட்டல் அறைக்குள்ளும் பஸ்ஸிலும் டுரியான் கூடாது. காரில் என்றால் சுளைகளை மட்டும் எடுத்துக் காற்றுப்புகாத டப்பாவில் அடைத்து, பின்பெட்டியில் வையுங்கள். டப்பா வீட்டிலிருந்தே கொண்டுபோனது என்றால் இன்னும் நல்லது. கடைப் பிளாஸ்டிக் பெட்டி வாசனையை அடக்காது.